ஒரு அம்பு கூடப் பறக்காமல் கைமாறிய ஜெருசலேம் (1229): இரண்டு தரப்புமே ஏன் காறித் துப்பின?

வைகைக்கரை எழுதியது:

சிலுவைப் போர் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது இரண்டு வருடங்கள்தான். 1099 ஜூலையில் ஐரோப்பியப் படை ஜெருசலேமுக்குள் புகுந்து முஸ்லிம், யூதர் என்று பாராமல் வெட்டிச் சாய்த்தது. 1187 அக்டோபரில் சலாவுதீன் அதே ஊரைத் திரும்பப் பிடித்தார். அதன் பிறகு இன்னொரு தடவையும் அந்த ஊர் கைமாறியது. அதைப் பற்றி இங்கே யாரும் பேசிப் பார்த்ததில்லை. அதனால்தான் இந்த இழை.

1229 பிப்ரவரி 18. ஒரு பக்கம் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக். ஜெர்மனிக்கும் சிசிலிக்கும் அவர்தான் ராஜா. மறுபக்கம் எகிப்து சுல்தான் அல் காமில், சலாவுதீனின் தம்பி மகன். இருவரும் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை. தூதர்கள்தான் மாதக்கணக்கில் அலைந்தார்கள். கடைசியில் சுல்தான் ஜெருசலேம், பெத்லகேம், நாசரேத்து ஆகிய ஊர்களையும், கடற்கரைக்குப் போகும் பாதையையும் எழுதிக் கொடுத்துவிட்டார். அக்ஸா பள்ளிவாசலும் பாறைக் குவிமாடமும் இருக்கிற ஹரம் வளாகம் மட்டும் முஸ்லிம்களிடமே இருக்கும். பத்து வருடத்துச் சொச்சம் சண்டை நிறுத்தம்.

மூன்றாம் சிலுவைப் போரில் மூன்று பெரிய அரசர்கள் கிளம்பி வந்தும் கிடைக்காத ஊர் இது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? ஜெருசலேமின் கிறிஸ்தவத் தலைமைப் பேராயரின் ஆணைப்படி ஊர் முழுவதும் வழிபாட்டுக்கே தடை விழுந்தது. டமாஸ்கஸ் பள்ளிவாசலில் ஒப்பாரி வைத்தார்கள். ஏன்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சும்மா_வந்தவன் எழுதியது:

ராஜா ரெண்டு பேரும் நல்லவங்க, ஊர்க்காரங்கதான் சரியில்லை போலிருக்கிறது. பாப்கார்னோடு உட்கார்ந்துவிட்டேன், தொடருங்கள்.

கணக்கப்பிள்ளை எழுதியது:

நல்லவர்கள் என்று அவசரப்பட வேண்டாம். இருவருக்கும் கழுத்தில் கத்தி இருந்தது, அதனால் கையெழுத்துப் போட்டார்கள்.

முதலில் ஃபிரெடரிக். 1215இலேயே சிலுவைப் போருக்கு வருகிறேன் என்று சபதம் எடுத்தவர். வருடா வருடம் ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிப்போட்டார். 1225இல் ஜெருசலேம் ராஜ்ஜியத்தின் வாரிசான இசபெல்லாவைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்தப் பெண்ணுக்கு அப்போது பதின்மூன்று வயதுதான் இருக்கும். அந்த உரிமையில் தானே ஜெருசலேம் அரசர் என்றும் சொல்லிக்கொண்டார். 1227இல் ஒரு வழியாகக் கப்பல் ஏறினார். படைக்குள் கொள்ளைநோய் பரவி, தானும் படுத்து, சில நாளில் திரும்பிக் கரையேறினார். புதிதாகப் பதவிக்கு வந்த போப் ஒன்பதாம் கிரகோரி, இது பத்தோடு பதினொன்றாவது சாக்கு என்று முடிவு கட்டி, அவரைத் திருச்சபையிலிருந்தே விலக்கி வைத்தார். 1228இல் ஃபிரெடரிக் மறுபடி கிளம்பியபோது போப்பிடம் மன்னிப்பும் வாங்கவில்லை, அனுமதியும் வாங்கவில்லை. ஆக, சபையை விட்டு விலக்கப்பட்டவர் சிலுவைப் படைக்குத் தலைவர்! அவர் பாலஸ்தீனக் கரையில் இருந்த அக்கா (ஏக்கர்) துறைமுகத்தில் வந்து இறங்கிய பிறகு போப்பின் படை இத்தாலியில் அவருடைய நாட்டுக்குள்ளேயே நுழைகிறது. சீக்கிரம் ஊர் திரும்பாவிட்டால் சிசிலி போய்விடும்.

அல் காமில் நிலைமை இதற்கு மேல். டமாஸ்கஸை ஆண்ட தம்பி அல் முஅஸ்ஸமோடு அவருக்கு ஆகாது. அந்தத் தம்பியை மிரட்டத்தான் ஃபக்ருத்தீன் என்கிற தூதரைச் சிசிலிக்கு அனுப்பி, "நீ வா, ஜெருசலேம் தருகிறேன்" என்று ஃபிரெடரிக்கை அழைத்தார். ஜெருசலேம் அப்போது தம்பியின் எல்லைக்குள் இருந்த ஊர் என்பதைக் கவனியுங்கள். 1227 நவம்பரில் தம்பி இறந்துபோனார். கல்யாணம் நின்றுபோன வீட்டு வாசலில் மேளக்காரர் வந்து நிற்பது போல 1228இல் ஃபிரெடரிக் வந்து நின்றார். அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, போ என்று சொல்ல முடியாது. அந்தச் சமயம் சுல்தானுக்கு இறந்த தம்பியின் மகனிடமிருந்து டமாஸ்கஸைப் பறிக்கிற வேலையும் இருந்தது. பின்னால் ஒரு ஐரோப்பியப் படையை வைத்துக்கொண்டு அந்த முற்றுகையை நடத்த முடியுமா?

காயல்_காற்று எழுதியது:

கணக்கப்பிள்ளை அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். கொடுக்கப்பட்ட ஊருக்கு அப்போது மதிலே கிடையாது. 1219இல் ஐந்தாம் சிலுவைப் போர் எகிப்தில் நடந்துகொண்டிருந்தபோது, ஊர் எதிரி கையில் போனால் திரும்பப் பிடிக்க முடியாமல் போய்விடும் என்று அல் முஅஸ்ஸமே மதிலை இடித்துத் தள்ளினார். அந்த நாளில் பெண்களும் கிழவர்களும் ஹரமுக்குள் கூடி அழுததாகவும், பாதி ஊர் காலி செய்துகொண்டு போனதாகவும் அரபு வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். "நான் கொடுத்ததெல்லாம் சில கோவில்களும் இடிந்த வீடுகளும்தான், ஹரம் நம்மிடமே இருக்கிறது" என்கிற பொருளில்தான் அல் காமில் தன் ஆட்களைச் சமாதானப்படுத்தினார்.

அதே போரில் அவர் ஒரு தடவை, நீங்கள் பிடிக்க வந்த தமியாத்தா துறைமுகத்தை விட்டுப் போனால் ஜெருசலேம் தருகிறேன் என்று பேசிப் பார்த்தார். போப்பின் பிரதிநிதி பெலாகியுஸ் கேட்கவில்லை. 1221இல் நைல் பெருக்கெடுத்து, மடைகளைத் திறந்துவிட்டதும் படை முழுவதும் சேற்றில் மாட்டிக்கொண்டு சரணடைந்தது. ஆக அந்த ஊரைப் பேரம் பேசுவது அவருக்குப் பழகிய விஷயம்.

இனி ஒப்பாரிக்கு வருகிறேன். டமாஸ்கஸ் பெரிய பள்ளியில் அழ வைத்து உரை நிகழ்த்தியவர் சிப்த் இப்னுல் ஜவ்ஸி. அந்தக் காலத்தின் பெரிய பேச்சாளர். பேசச் சொன்னவர் அன் நாசிர் தாவூத், அதாவது அல் காமில் யாருடைய ஊரைப் பறிக்க முற்றுகை போட்டிருந்தாரோ அதே தம்பி மகன். பெரியப்பா புனித ஊரை விற்றுவிட்டார் என்று ஊருக்குள் சொல்ல இதைவிட நல்ல சமயம் கிடைக்குமா? அரசியல் இருந்தது, மறுக்கவில்லை.

ஆனால் கேட்டவர்களின் கண்ணீர் நடிப்பில்லை. சலாவுதீனுக்கு முன் சிரியாவை ஆண்ட நூருத்தீன் காலத்திலிருந்து பைத்துல் முகத்தஸின் (ஜெருசலேமின்) சிறப்பைச் சொல்லும் நூல்களைப் பள்ளிகளில் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். அக்ஸாவில் வைப்பதற்கென்று ஹலபில் (அலெப்போவில்) அழகான மிம்பர், அதாவது உரை மேடை ஒன்றை நூருத்தீன் செய்யச் சொன்னார். அப்போது ஊர் அவர் கையில் இல்லை! அவர் இறந்து பல வருடம் கழித்து 1187இல் சலாவுதீன் அந்த மிம்பரைக் கொண்டுபோய் வைத்தார். (1969இல் தீ வைப்பில் எரிந்தது இதுதான்.) இப்படி இரண்டு தலைமுறை ஏங்கி மீட்ட ஊரை, ஒரு சுல்தான் குத்தகை விட்டது போலக் கொடுத்தால் ஜனங்கள் வேறு என்ன செய்வார்கள்?

தூத்துக்குடி_அலை எழுதியது:

கிறிஸ்தவப் பக்கத்துக் கோபத்தை நான் சொல்கிறேன். பலர் இதை வெறும் மதவெறி என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். எனக்கு அது பாதிதான் சரி என்று படுகிறது.

1229 மார்ச் 18, ஞாயிற்றுக்கிழமை. ஃபிரெடரிக் திருக்கல்லறைக் கோவிலுக்குள் போகிறார். சபை விலக்கம் பெற்றவருக்கு எந்தக் குருவானவரும் முடிசூட்ட முடியாது. பூசையும் வைக்கக் கூடாது. ஜெர்மானிய வீரத்துறவியர் சபையின் தலைவர் ஹெர்மன் ஃபான் சால்சா அவருடைய நெருங்கிய ஆள். அவரும் பூசை வேண்டாம் என்றே ஆலோசனை சொன்னார். பீடத்தின் மேலிருந்த கிரீடத்தைப் பேரரசர் தானே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். மறுநாள் செசரியா பேராயர் வந்து, தலைமைப் பேராயர் ஜெரால்டின் ஆணையை அறிவித்தார்: ஊர் முழுவதும் வழிபாட்டுக்குத் தடை. கிறிஸ்து அடக்கம் செய்யப்பட்ட ஊரை மீட்டதற்கு இதுதான் பரிசு.

டெம்ப்ளர்கள் என்கிற இன்னொரு வீரத்துறவியர் சபைக்கு வேறொரு வயிற்றெரிச்சல். 1187க்கு முன்னால் அவர்களுடைய தலைமையகமே அக்ஸா கட்டடம்தான். "சாலமோனின் ஆலயம்" என்று அதைத்தான் சொன்னார்கள், அவர்கள் பெயரே அதிலிருந்து வந்தது. ஊர் வந்தது, அவர்கள் வீடு வரவில்லை.

ஆனால் உள்ளூர்ப் பிரபுக்களின் கேள்வியில் நியாயம் இருந்தது. மதில் இல்லை. சுற்றி இருந்த கிராமங்களில் பெரும்பாலானவை முஸ்லிம்கள் கையில். கடலிலிருந்து மலையேறிப் போக வேண்டும். பேரரசர் கப்பலேறிவிடுவார், நாங்கள் எதை வைத்துக் காப்பாற்றுவது? 1192இல் மூன்றாம் சிலுவைப் போரில் இங்கிலாந்து அரசர் ரிச்சர்ட் ஜெருசலேமுக்கு ஒரு நாள் நடை தூரத்தில் பைத் நூபா வரை இரண்டு தடவை போய்த் திரும்பியதும் இதே கணக்கில்தான். பிடித்துவிடலாம், பிடித்த பிறகு யாத்திரை முடிந்தது என்று பாதிப் படை ஊருக்குக் கிளம்பிவிடும், அப்புறம்? உள்ளூர் டெம்ப்ளர்களும், அவர்களைப் போன்ற வீரத்துறவியரான ஹாஸ்பிட்டலர்களும்தான் அன்றைக்கும் அவரைத் தடுத்தார்கள்.

கடைசியில் 1229 மே 1ஆம் தேதி ஃபிரெடரிக் யாருக்கும் தெரியாமல் விடியற்காலையில் அக்காவில் கப்பலேறப் போனார். கசாப்புத் தெரு வழியாகப் போக வேண்டியிருந்தது. கடைக்காரர்கள் குடலையும் கழிவையும் எடுத்து மேலே வீசினார்கள்.

சும்மா_வந்தவன் எழுதியது:

ஊரை மீட்டுக் கொடுத்தவருக்குக் குடல் மாலையா! இதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லையே.

யாழ்_வாசகன் எழுதியது:

நீங்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றிக் கதைப்பது ஒன்றைத்தான்: மதம் வெறும் சாக்கு. நிலமும் காசும் பதவியும்தான் விஷயம். எத்தனை உதாரணம் வேண்டும்?

1108இல் தெல் பாஷிர் பக்கத்தில் நடந்த சண்டையில், அந்தியோக்கியாவை ஆண்ட டாங்கிரெடும் ஹலப் அரசர் ரிள்வானும் ஒரு பக்கம்; எதெஸ்ஸாவின் பால்ட்வினும் மோசுல் பக்கத்துத் தளபதி ஜாவலியும் எதிர்ப்பக்கம். இரண்டு பக்கமும் சிலுவை, இரண்டு பக்கமும் பிறை. முதல் சிலுவைப் போர் முடிந்து பத்து வருடம்கூட ஆகவில்லை. 1140இல் மோசுலையும் ஹலபையும் ஆண்ட ஸெங்கிக்கு எதிராக டமாஸ்கஸும் ஜெருசலேம் ராஜ்ஜியமும் கூட்டாளிகள். 1148இல் இரண்டாம் சிலுவைப் போர் வந்து, அதே டமாஸ்கஸைத்தான் முற்றுகை போட்டது! நாலு நாளில் வெறுங்கையோடு திரும்பினார்கள். அந்த ஊர் பயந்துபோய் நூருத்தீன் பக்கம் சாய்ந்தது.

1204இல் முடிந்த நான்காம் சிலுவைப் போரைச் சொல்லவே வேண்டாம். வெனிஸ்காரர்களிடம் 85,000 மார்க் வெள்ளிக்குக் கப்பல் பேசினார்கள். எதிர்பார்த்த ஆட்களில் பாதிகூட வரவில்லை, காசு கட்ட முடியவில்லை. கடனுக்குப் பதிலாக முதலில் ஸாரா என்கிற கிறிஸ்தவ ஊரை அடித்தார்கள், பிறகு கிறிஸ்தவத் தலைநகரமான கான்ஸ்டான்டிநோபிளையே கொள்ளையடித்தார்கள். இதை மதப் போர் என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வரும்.

வைகைக்கரை எழுதியது:

யாழ் நண்பரே, உதாரணங்கள் எல்லாம் சரி. அதிலிருந்து நீங்கள் எடுக்கிற முடிவு எனக்குச் சரிவரவில்லை.

முதல் சிலுவைப் போருக்குப் போனவர்களைப் பாருங்கள். நார்மண்டியின் ராபர்ட், முழு நார்மண்டியையும் தன் தம்பியான இங்கிலாந்து அரசரிடம் 10,000 மார்க்குக்கு அடகு வைத்துவிட்டுக் கிளம்பினார். பிறகு ஜெருசலேமின் முதல் ஆட்சியாளரான கோட்ஃப்ரி தன் பூய்யோன் கோட்டையை லியேஜ் ஆயரிடம் கொடுத்துப் பணம் புரட்டினார். நிலம் பிடிக்கப் போகிறவன் இருக்கிற நிலத்தை அடகு வைப்பானா? 1099க்குப் பிறகு பெரும்பாலானவர்கள் ஊர் திரும்பினார்கள், கோட்ஃப்ரியிடம் மிஞ்சியது முந்நூறு குதிரை வீரர்கள் அளவில்தான். 1095இல் போப் இரண்டாம் உர்பன் கிளெர்மான்ட் கூட்டத்தில் வாக்குக் கொடுத்தது பாவப் பரிகாரம். அதை நம்பித்தான் போனார்கள். அதே நம்பிக்கைதான் போகிற வழியில் 1096இல் ரைன் நதிக்கரையில் வோர்ம்ஸ், மைன்ஸ் ஊர்களின் யூதர்களைக் கொன்றது. அந்தக் கொலைகளை வெறும் காசாசை என்று எழுதினால், செத்தவர்களுக்கே அநியாயம்.

எதிர்ப்பக்கம் ஐம்பது வருடம் தூங்கினார்கள் என்பதும் உண்மை. டமாஸ்கஸிலிருந்து காஜி அல் ஹரவி பாக்தாதுக்குப் போய்க் கலீஃபாவின் சபையில் அழுது முறையிட்டார், ஒன்றும் நடக்கவில்லை. அஸ் சுலமி என்கிற ஆலிம் டமாஸ்கஸில் 1105 வாக்கில் ஜிஹாத் பற்றி நூலே எழுதி வாசித்தார், கேட்க வந்தவர்கள் கொஞ்சப் பேர். 1144இல் ஸெங்கி எதெஸ்ஸாவைப் பிடித்த பிறகுதான் அந்தப் பேச்சுக்குக் கூட்டம் சேர்ந்தது. நூருத்தீனும் சலாவுதீனும் அதை வளர்த்தார்கள். சக முஸ்லிம் அரசர்களை அடக்குவதற்கும் அதுவே அவர்களுக்குக் கைகொடுத்தது. 1174 தொடங்கி 1186 வரை சலாவுதீனின் வாள் அதிகம் பார்த்தது ஹலப், மோசுல் பக்கத்து முஸ்லிம் எதிரிகளைத்தான்.

என் வாதம் இதுதான். அரசர்கள் எப்போதும் கணக்குப் போட்டார்கள். ஆனால் அந்தக் கணக்குக்கு ஆள் திரட்ட, இரண்டு பக்கமும் ஜனங்களிடம் அந்த ஊரை உயிருக்கு மேலாக உயர்த்திக் காட்டினார்கள். ஜனங்கள் நம்பிவிட்டார்கள். பிறகு ஒரு நாள் அரசர்களுக்கே சமாதானம் தேவைப்பட்டபோது, தாங்கள் வளர்த்த நம்பிக்கையே குறுக்கே நின்றது. மதம் வெறும் சாக்காக இருந்திருந்தால் 1229இல் யாரும் அழுதிருக்க மாட்டார்கள், குடலும் வீசியிருக்க மாட்டார்கள்.

கணக்கப்பிள்ளை எழுதியது:

கசாப்புக்காரர்கள் சபை விலக்கத்துக்காக வீசினார்களா, அல்லது ஃபிரெடரிக் உள்ளூர் பிரபுக்களோடும் டெம்ப்ளர்களோடும் சண்டை போட்டு அக்காவுக்குள்ளேயே படையை நிறுத்திய கடுப்பில் வீசினார்களா? நான் இரண்டாவது என்பேன். குடலுக்கு இறையியல் தெரியாது.

வைகைக்கரை எழுதியது:

ஹாஹா. சரி, குடலை விட்டுக்கொடுக்கிறேன். கண்ணீரை விட மாட்டேன்.

காயல்_காற்று எழுதியது:

வணிகம் பற்றி யாழ் நண்பர் தொட்டதால் ஒன்று. இப்னு ஜுபைர் என்கிற அந்தலூசியக்காரர் ஹஜ்ஜுக்குப் போய்த் திரும்பும் வழியில் 1184இல் டமாஸ்கஸிலிருந்து அக்காவுக்குப் போனார். சலாவுதீன் படையெடுத்துக்கொண்டிருக்கும்போதே வணிகக் கூட்டங்கள் இரண்டு நாட்டுக்கும் நடுவே போய்வந்துகொண்டிருந்ததைப் பார்த்து அவரே ஆச்சரியப்படுகிறார். படைக்காரர்கள் சண்டையில் இருக்கிறார்கள், ஜனங்கள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்கிறார். திப்னீன் பக்கத்தில் ஃபிராங்குகளின் (அங்கே குடியேறிய சிலுவைப் படை ஐரோப்பியரின்) ஆட்சியில் இருந்த முஸ்லிம் குடியானவர்கள் விளைச்சலில் பாதியும், தலைக்கு ஒரு தீனாரும் ஐந்து கீராத்தும் வரி கட்டினார்கள். முஸ்லிம் ஜமீன்தார்களுக்குக் கீழே இருப்பவர்களைவிட இவர்கள் நன்றாக இருக்கிறார்களே என்று மனம் நொந்து எழுதுகிறார். இத்தனைக்கும் அவர் ஃபிராங்குகளைச் சபிக்காமல் ஒரு பக்கம்கூட எழுத மாட்டார்!

அதற்கு முந்தைய வருடம் அவர் செங்கடல் கரையில் ஐதாப் துறைமுகம் வழியாகப் போனார். இந்தியாவிலிருந்து வந்த மிளகு மூட்டைகள் அந்தப் பாலைவனப் பாதையில் மண் போலக் குவிந்து கிடந்தன என்கிறார். மலபார் மிளகு ஏடன் வழியாக எகிப்து போய், அங்கிருந்து வெனிஸ், ஜெனோவா கப்பலில் ஏறும். போப் தடை போட்டாலும் அந்த வியாபாரம் நிற்கவில்லை. கெரக் கோட்டையின் ஃபிராங்குப் பிரபு ரேனால்டு 1182-83இல் கப்பல்களைத் துண்டு துண்டாக ஒட்டகத்தில் ஏற்றிக் கொண்டுபோய்ச் செங்கடலில் இறக்கி, இந்த ஐதாபைத்தான் சூறையாடினார். ஹஜ் கப்பல்களையும் விடவில்லை. பிடிபட்டவர்களை ஒட்டகத்தில் வால் பக்கம் பார்க்க உட்கார வைத்து அலெக்சாந்திரியாவில் ஊர்வலம் விட்டதை இப்னு ஜுபைர் நேரிலேயே பார்த்தார். 1187இல் ஹத்தீனில் தோற்றுச் சிறைப்பட்ட ஜெருசலேம் அரசர் கீக்குக் குளிர்ந்த தண்ணீர் கொடுத்த சலாவுதீன், ரேனால்டின் தலையை மட்டும் தன் கையால் வெட்டினார் என்றால் அதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

நேர்மை_நெஞ்சம் எழுதியது:

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர் எழுதியது:

1229ஐப் பற்றிய இழையில் இன்றைய தேர்தலையும் உறுப்பினர்களின் மதத்தையும் இழுத்த ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். அதற்கு அரசியல் பகுதி தனியாக இருக்கிறது. மற்றவர்கள் நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், தொடருங்கள்.

தூத்துக்குடி_அலை எழுதியது:

காயல் பாய், இப்னு ஜுபைர் பகுதி அருமை. ஒரு சந்தேகம். 1187இல் சலாவுதீன் காட்டிய கருணை என்று எல்லோரும் சொல்வது எந்த அளவுக்கு உண்மை? எங்கள் பக்கத்து நூல்களில்கூட அவரைப் புகழ்ந்துதான் எழுதியிருக்கிறார்கள்.

காயல்_காற்று எழுதியது:

1099ஓடு வைத்துப் பார்த்தால் பெரிய கருணை. தனியாகப் பார்த்தால் அன்றைய போர் வழக்கப்படி செய்துகொண்ட சரணடைவு ஒப்பந்தம். ஆணுக்குப் பத்து தீனார், பெண்ணுக்கு ஐந்து, குழந்தைக்கு ஒன்று. நாற்பது நாள் கெடு. ஊரைக் காத்துநின்ற இபெலின் பாலியன், மறுத்தால் குவிமாடத்தை இடித்துவிட்டு, கையிலிருக்கும் முஸ்லிம் கைதிகளையும் கொன்றுவிட்டுச் சாவோம் என்று மிரட்டித்தான் இந்த நிபந்தனையை வாங்கினார். பணமில்லாத 7,000 பேருக்கு மொத்தமாக 30,000 தீனார் கட்டினார்கள். சலாவுதீனும் அவர் தம்பி அல் ஆதிலும் பலரைச் சும்மாவே விட்டார்கள். அப்படியும் கட்ட முடியாமல் பதினையாயிரம் பேர் அளவில் அடிமைகளாகப் போனார்கள். தலைமைப் பேராயர் ஹெராக்ளியுஸ் கோவில் பொக்கிஷத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு தன் பங்குக்குப் பத்து தீனார் மட்டும் கட்டிவிட்டுப் போனார். அதை வழிமறிக்கச் சொன்னபோது, வாக்கு மீற மாட்டேன் என்றார் சலாவுதீன்.

கணக்கப்பிள்ளை எழுதியது:

இதற்கு எதிர்ப்பக்கம் 1191 ஆகஸ்ட் 20 அக்கா. பணயத்தொகையின் தவணை தள்ளிப்போனது என்று ரிச்சர்ட் 2,700 கைதிகளை ஊருக்கு வெளியே, சலாவுதீன் படையின் கண்ணெதிரே வெட்டச் செய்தார். இத்தனைக்கும் இரண்டு மாதம் கழித்து அதே ரிச்சர்ட், தன் தங்கை ஜோனை அல் ஆதிலுக்குக் கல்யாணம் செய்து தருகிறேன், இருவரும் சேர்ந்து ஜெருசலேமை ஆளட்டும் என்று தூது விட்டார். அந்தம்மா கேட்டுவிட்டுக் கொந்தளித்தாராம். அல் ஆதிலின் மகன்தான் நம் அல் காமில். அந்த வீட்டுக்குப் பேரம் புதிதில்லை.

யாழ்_வாசகன் எழுதியது:

வைகைக்கரை ஐயாவின் வாதத்தைப் பாதி ஏற்கிறேன். ஆனால் ஃபிரெடரிக்கை "அந்தக் காலத்திலேயே மதச்சார்பற்றவர்" என்று எழுதுகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. அந்தப் புகழ் எப்படி வந்தது?

வைகைக்கரை எழுதியது:

சிசிலியில் வளர்ந்தவர், அரபு அறிஞர்களோடு கணிதமும் தத்துவமும் கடிதத்தில் பேசியவர். ஜெருசலேமில் அவர் தங்கிய இரவில் பேரரசருக்கு மரியாதை என்று நாபுலுஸ் காஜியார் மோதினார்களைப் பாங்கு சொல்ல வேண்டாம் என்று தடுத்துவிட்டார். காலையில் ஃபிரெடரிக் கூப்பிட்டு, நான் இங்கே தங்கியதே அந்தப் பாங்கைக் கேட்கத்தானே என்றாராம். அரபு வரலாற்றாசிரியர் இப்னு வாஸில் எழுதிவைத்த கதை. நம் சிப்த் இப்னுல் ஜவ்ஸி இவ்வளவு இனிமையாக எழுதவில்லை: செம்பட்டை, வழுக்கை, கண் பார்வை மங்கல், அடிமைச் சந்தையில் நிறுத்தினால் இருநூறு திர்ஹம்கூடத் தேறாது என்று போட்டுத் தள்ளினார்.

ஆனால் இந்த ரசிகர்தான் சிசிலியின் மலைகளில் கிளர்ச்சி செய்த தன் சொந்த முஸ்லிம் குடிகளை ஆயிரக்கணக்கில் பெயர்த்து, இத்தாலியில் லுசேராவில் கொண்டுபோய்க் குடியமர்த்தினார். தலைமுறை தலைமுறையாக இருந்த ஊரை விட்டுத் துரத்தியாயிற்று. பிறகு அங்கே தொழ விட்டார், படையிலும் சேர்த்துக்கொண்டார். போப் தன்னை விலக்கி வைத்தாலும் விசுவாசமாக இருக்கிற வில்லாளிகள் அவருக்கு வேண்டுமே. 1300இல் வேறொரு அரசர் அந்த ஊரையே அழித்து, மக்களை அடிமைகளாக விற்றார்.

தூத்துக்குடி_அலை எழுதியது:

சரி, அந்தச் சமாதானம் எத்தனை நாள் நின்றது?

காயல்_காற்று எழுதியது:

சொன்ன காலம் முழுவதும் நின்றது. எதிரியோடு போர் நிறுத்தம் பத்து வருடத்துக்கு மேல் கூடாது என்பது பல ஆலிம்களின் கருத்து. 628இல் நபிகள் நாயகம் (ஸல்) மக்காவாசிகளோடு செய்த ஹுதைபியா உடன்படிக்கையின் கெடு பத்து வருடம், அதிலிருந்து எடுத்தது. 1239இல் கெடு முடிந்தது. அந்த வருடக் கடைசியிலேயே அன் நாசிர் தாவூத் ஊரைப் பிடித்தார். ஆமாம், 1229இல் அழ வைத்த அதே ஆள்தான். சுவாரசியம் என்னவென்றால், கொஞ்ச நாளிலேயே எகிப்தோடு சண்டை வந்ததும் அவரும் டமாஸ்கஸ் சிற்றப்பாவும் போட்டி போட்டுக்கொண்டு ஃபிராங்குகளோடு பேசினார்கள். ஊர் மறுபடி கிறிஸ்தவர்கள் கைக்குப் போனது. 1244 வாக்கில் ஹரமும் சேர்த்தே!

1244 கோடையில் குவாரிஸ்மியக் குதிரைப்படை வந்து ஊரைச் சூறையாடியது. மங்கோலியரிடம் நாடிழந்து, கூலிக்குச் சண்டை போட்டுத் திரிந்த கூட்டம். எகிப்து சுல்தான் கூப்பிட்டு வந்தார்கள். அக்டோபரில் காஸா பக்கத்தில் ஹர்பியாவில் பெரிய போர். அதில் டெம்ப்ளர், ஹாஸ்பிட்டலர்களோடு தோளோடு தோள் நின்றது ஹிம்ஸ், டமாஸ்கஸ் முஸ்லிம் படைகள். எகிப்துப் படையும் குவாரிஸ்மியரும் சேர்ந்து எல்லோரையும் நசுக்கினார்கள். அதன் பிறகு 1291இல் அக்கா விழுகிற வரைக்கும் ஜெருசலேம் சிலுவைக்காரர்களுக்குத் திரும்பவில்லை.

யாழ்_வாசகன் எழுதியது:

ஹர்பியாவுக்குத் தனி இழை போடலாம். ஹத்தீனைப் பற்றிப் பேசுவதில் நூறில் ஒரு பங்குகூட அதைப் பேசுவதில்லை.

கணக்கப்பிள்ளை எழுதியது:

போடுங்கள், வருகிறேன். 1250இல் பிரெஞ்சு அரசர் ஒன்பதாம் லூயி எகிப்தில் பிடிபட்டது, அடிமை வீரர்களாக இருந்த மம்லூக்குகள் எகிப்தில் ஆட்சிக்கு வந்தது, 1260இல் மங்கோலியரோடு மோத ஐன் ஜாலூத்துக்குப் போன மம்லூக் படையை அக்கா ஃபிராங்குகள் தங்கள் நிலத்து வழியாக விட்டது, எல்லாமே அந்தப் போருக்குப் பிறகு வந்த நிலைமையோடு சேர்த்துப் பேச வேண்டியவை.

சும்மா_வந்தவன் எழுதியது:

கடைசியாக ஒரே கேள்வி. இவ்வளவு திட்டு வாங்கிய ஃபிரெடரிக்குக்கு இந்தப் பயணத்தில் என்னதான் மிச்சம்?

கணக்கப்பிள்ளை எழுதியது:

இத்தாலிக்குப் போனதும் போப்பின் படையைத் துரத்தினார். 1230இல் சபை விலக்கமும் நீங்கியது (பிறகு மறுபடி விழுந்தது, அது வேறு கதை). அல் காமிலோடு கடைசிவரை நட்பு, கடிதம், பரிசு. சுல்தான் அனுப்பிய பரிசுகளில் ஒரு யானையும் உண்டு. 1237இல் மிலான்காரர்களைத் தோற்கடித்தபோது, அவர்களுடைய கொடித்தேரை அந்த யானையில் கட்டி கிரெமோனா தெருவில் இழுத்துக்கொண்டு போனார்.

சும்மா_வந்தவன் எழுதியது:

யானை கிடைத்ததா! அப்போ நஷ்டமில்லை. ஹர்பியா இழையில் சந்திப்போம், பாப்கார்ன் தீர்ந்துவிட்டது.